கிடங்கு வாசலிலும் முறை வேண்டும்

நமது சங்கத்தின் மகாசபைக் கூட்டம் நெருங்கி வருகிறது. கிடங்குக்கு இரண்டாவது இறக்குமேடை கட்டுவதற்குச் சேமநிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானம் அதில் விவாதத்திற்கு வர இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நமது கிடங்கின் வாசலில் லாரிகள் சாலை வரை நீண்டு நிற்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அந்த அவதியைக் கண்டு மனம் பொறாமலேயே இத்தீர்மானத்தை அன்பர்கள் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நோயின் மூலத்தை அறியுமுன் மருந்துக்குச் செலவிடுவது அறிவுடைமையாகாது என்ற எண்ணத்தால், பருத்தியும் நெல்லும் பயிரிடும் ஓர் அங்கத்தினன் என்ற உரிமையில், என் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரிலுள்ள விற்பனைக் கூடத்திற்கு ஒரு லாரி பருத்தி கொண்டு சென்றேன். பொழுது புலருமுன் போய்ச் சேர்ந்துவிட்டால் முதல் ஆளாக இறக்கிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் என்னைப்போலவே பதினொரு பேர் கணக்குப் போட்டிருந்தார்கள். எடைமேடை ஒன்று, இறக்குமேடை ஒன்று, சுமைப்பணித் தொழிலாளர் குழு ஒன்று. ஏலம் தொடங்குமுன் மூட்டைகள் களத்தில் அடுக்கப்பட்டு எண் இடப்பட வேண்டும். என் முறை வந்தபோது மாலை மயங்கிவிட்டது, ஏலமும் முடிந்துவிட்டது. அன்றிரவு ஒரு மழை பெய்தது. தார்ப்பாய் போட்டும் ஓரத்து மூட்டைகள் நனைந்தன. அடுத்த வார ஏலத்தில் கறைபட்ட பருத்திக்குக் கிடைத்த விலையை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை. லாரி வாடகையோடு, நிறுத்தி வைத்த நாளுக்குக் காத்திருப்புக் கூலியும் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அன்று நான் யாரைக் குறை கூறுவது? தொழிலாளர் சோம்பியிருக்கவில்லை; அவர்கள் உண்ணக்கூட நேரமின்றி உழைத்தார்கள். எழுத்தர் ஏமாற்றவில்லை. லாரி ஓட்டுநர் தாமதம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தனர். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

கணக்கு என்ன சொல்கிறது?

இதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு லாரியில் 10 டன் நெல் வருகிறது என்று கொள்வோம். 40 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் 250 மூட்டைகள். அவற்றை இறக்கி அடுக்க ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் எட்டு லாரிகளை இறக்கலாம். அந்த எட்டு லாரிகளும் காலை 8 மணிக்கே வந்து நின்றால், முதல் லாரி காத்திருப்பதில்லை. இரண்டாவது ஒரு மணி நேரம், மூன்றாவது இரண்டு மணி நேரம் என்று கூடி, கடைசி லாரி ஏழு மணி நேரம் காத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 28 மணி நேரம் வீண்.

இனி, தீர்மானத்தில் கண்டபடி இரண்டாவது மேடையும் கட்டி, இரண்டாவது குழுவையும் அமர்த்திவிட்டோம் என்று கொள்வோம். எட்டு லாரிகளும் முன்போலவே 8 மணிக்கு வந்து நிற்கின்றன. இரண்டிரண்டாக இறக்கினால், காத்திருக்கும் நேரம் முறையே சுழி, ஒன்று, இரண்டு, மூன்று மணி. இரண்டிரண்டு லாரிகளுக்காகக் கூட்டினால் 12 மணி நேரம். குறைந்தது உண்மையே, ஆனால் ஒழியவில்லை. அத்துடன், நண்பகலுக்குள் வேலை முடிந்து, பிற்பகல் முழுவதும் இரண்டு மேடைகளும் இரண்டு குழுக்களும் வெறுமனே இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. மேடை ஒன்றே, குழுவும் ஒன்றே. ஆனால் லாரிகள் மணிக்கு ஒன்றாக வருகின்றன. காத்திருக்கும் நேரம் எவ்வளவு? ஒன்றுமில்லை! செங்கல் ஒன்றும் வைக்காமல், சிமெண்டு ஒரு மூட்டையும் கரைக்காமல், 28 மணி நேரத்து வீண் மறைந்து போகிறது.

காகிதத்தில் வரும் கணக்கு களத்தில் அப்படியே வராது என்று அன்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஒரு லாரி முன்னே வரும், ஒன்று பின்னே வரும். ஒன்றை இறக்க முக்கால் மணி, இன்னொன்றை இறக்க ஒன்றரை மணி ஆகும். இவ்வாறு தற்செயலாக ஏறி இறங்கும் வரிசைகளைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிலையத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்பவர் 1909-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி அழைப்புகளின் வருகையை ஆராய்ந்து இத்துறைக்கு வித்திட்டார். அவ்வழியே வந்த கணக்கு ஒன்று நமக்கு மிகவும் பயன்படுவது. வருகையும் வேலை நேரமும் முற்றிலும் தற்செயலாக மாறுகிற ஒற்றை வரிசையில், மேடை தன் சக்தியில் பாதியளவே வேலை செய்யும்போது, ஒரு வண்டி சராசரியாக ஓர் இறக்கு நேரம் காத்திருக்கிறது. நூற்றுக்கு 80 பங்கு வேலை வந்தால் நான்கு மடங்கு காத்திருக்கிறது. 90 பங்கு வந்தால் ஒன்பது மடங்கு! வேலை சிறிதே கூடுகிறது. காத்திருப்போ மலைபோல் கூடுகிறது. அறுவடைக் காலத்தில் நம் கிடங்கு வாசல் திடீரென்று அடைத்துப் போவதன் இரகசியம் இதுதான்.

இதிலிருந்து ஒரு பாடம் பெறுகிறோம். முறை வகுக்கும்போது நாளின் எல்லா மணிகளையும் நிரப்பிவிடக் கூடாது. பத்தில் எட்டு பங்கு நேரத்தை மட்டும் பங்கிட்டு, இரண்டு பங்கைப் பிந்தி வருவோருக்காகவும் எதிர்பாராத தடைகளுக்காகவும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

முறை நமக்குப் புதிதன்று

"நேரம் குறித்து வண்டி வருவதெல்லாம் மேல்நாட்டுக் கம்பெனிகளுக்குப் பொருந்தும்; நம் கிராமத்தாருக்கு ஒத்து வராது" என்று ஒரு பேச்சு எழுவதைக் கேட்கிறேன். இதைவிட நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளும் பேச்சு வேறில்லை. ஏரியில் நீர் குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். நள்ளிரவில் தன் முறை வருமென்றால், உழவன் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் காத்திருந்து, குறித்த நேரத்தில் மடை திருப்பிய ஊர் இது. கலியாண வீட்டில் ஐம்பது பேர் அமரக்கூடிய கூடத்தில் இருநூறு பேரை ஒரே சமயத்தில் உட்கார வைக்கிறோமா? பந்தி பந்தியாக அழைக்கிறோம். இரண்டாம் பந்தியில் உண்டவர் எவரும் அதை அவமானமாகக் கொள்வதில்லை. "பந்திக்கு முந்து" என்ற பழமொழியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பந்தி என்ற ஏற்பாட்டையே நாம் கிடங்கு வாசலில் மறந்துவிட்டோம்.

நெசவாளத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பாவு பிணைக்கும்போது ஆயிரக்கணக்கான இழைகளும் ஒருசேர அச்சுக்குள் நுழைய முற்பட்டால் என்ன ஆகும்? ஒவ்வோர் இழைக்கும் அதனதன் கண் உண்டு, அதனதன் வரிசை உண்டு. அந்த வரிசை தவறினால் துணியே இல்லை.

கூட்டுறவு இயக்கத்திற்குள்ளேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கரும்பு பயிரிடுவோர் ஆலையின் வெட்டு உத்தரவு இல்லாமல் கரும்பை வெட்டுவதில்லை. வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்கச் சர்க்கரைச் சத்துக் குறைந்துபோகும். ஆலையின் அரவைச் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே எந்த வயலில் என்று வெட்டுவது என்பதே ஆலைவாசலின் கணக்கைக் கொண்டு தீர்மானமாகிறது. நெரிசலை வாசலில் தீர்க்க முயலாமல், வயலிலேயே தீர்த்துவிடும் ஏற்பாடு இது. பால் சங்கங்களோ காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பாலை வாங்குகின்றன. பால் வண்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் இருக்க நம் தாய்மார்களால் முடிகிறதென்றால், லாரியை வைத்துக்கொண்டு நம்மால் முடியாதா?

வாசலை அடைப்பது உள்ளேயிருக்கும் சரக்கே

முறை வகுத்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. வாசலில் வரிசை நீளுவதற்குப் பல சமயங்களில் காரணம் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் காவிரிப் படுகையில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் தேங்கி, மழையில் நனைந்து முளைவிட்டதை நாம் மறக்க முடியாது. வாங்கிய மூட்டைகள் கிடங்குகளுக்கு நகராமல் களத்திலேயே அடுக்கிக் கிடந்தால், புதிய நெல்லைக் கொட்ட இடம் ஏது? கொள்முதலுக்குரிய ஈரப்பத வரம்பு நூற்றுக்கு 17. காத்திருக்கும் நெல்மேல் ஒரு மழை விழுந்தால் அந்த வரம்பு கைநழுவிப் போகிறது. வியர்வை சிந்தி விளைத்தவன், தன் பொருள் கண்ணெதிரே தரம் குறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நமது கிடங்கிலும் சிறிய அளவில் இதே நோய் உண்டு. விளைபொருள் இறங்கும் அதே காலை வேளையில், உர மூட்டைகளை ஏற்றிச் செல்ல ஒரு லாரியும், நூல் பேல்களைக் கொண்டுவரும் மற்றொரு லாரியும் அதே மேடைக்கு வந்து நிற்கின்றன. நூல் லாரி பிந்தினால் நெசவாளர் வீடுகளில் தறி நிற்கிறது. பாவு தீர்ந்த தறியின் முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருப்பது கூலி நெசவாளருக்கு ஒரு நாள் அடுப்பெரிவதைப் பற்றிய கேள்வி. ஆகவே, வரும் சரக்கு காலையில், போகும் சரக்கு பிற்பகலில் என்று பிரிப்பது இன்றியமையாதது. நூல் வண்டிக்கு வாரத்தில் நிலையான நாளும் நேரமும் ஒதுக்கப்படல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேடையை அடைந்த பிறகு சீட்டைத் தேடுவதும், மாதிரி எடுப்பதும், கையெழுத்துக்கு ஆள் அனுப்புவதுமாக எத்தனை நிமிடங்கள் கழிகின்றன! மேடை என்பது மூட்டை இறக்குவதற்கே உரிய இடம். தர ஆய்வும் எடைச்சீட்டும் மேடைக்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டி இறங்கியதும் உடனே வெளியேற வேண்டும். முற்றத்தில் எத்தனை வண்டிகள் நிற்கும் என்பதை அறிய, மணிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையை ஒரு வண்டி தங்கும் மணிகளால் பெருக்கினால் போதும். 1961-இல் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த விதி இது. மணிக்கு ஒரு வண்டி வீதம் வந்து, ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் தங்கினால் முற்றத்தில் ஐந்து வண்டிகள். இரண்டு மணி நேரமே தங்கினால் இரண்டு. முற்றத்தை விரிவாக்குவதைவிடத் தங்கும் நேரத்தைச் சுருக்குவது மேல்.

பெயரளவில் இருந்தால் பயனில்லை

முறை வகுத்தும் பயன் பெறாதவர்களைப் பற்றியும் சொல்வது நேர்மை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களின் வாசலில் லாரிகள் நெடுநேரம் நிற்பதால் காற்று மாசுபடுகிறது என்று கலிபோர்னியா மாநிலம் 2002-இல் ஒரு சட்டம் இயற்றியது. 30 நிமிடத்துக்கு மேல் லாரியைக் காக்க வைக்கும் சரக்கு நிலையத்துக்கு 250 டாலர் அபராதம். முன்பதிவு முறை வைத்தால் விலக்கு உண்டு. நிலையங்கள் பல முன்பதிவு முறையை ஏற்படுத்தின. ஆனால் 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதனால் வரிசை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கூறியது. பதிவு செய்து வந்த லாரிக்கு உள்ளே முன்னுரிமை கிடைக்கவில்லை. பதிவு பெயரளவில் நின்றது. நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் வந்தவனையும் மற்றவனையும் ஒன்றாக நிற்க வைத்தால், மறுமுறை அவன் ஏன் நேரத்துக்கு வர வேண்டும்? நேரம் கொடுப்பது சங்கம் தரும் வாக்குறுதி. அதைக் காப்பாற்ற முடியாவிட்டால் கொடுக்காமலிருப்பதே நன்று.

அங்கத்தினரின் அச்சங்கள்

செல்வாக்குள்ளவர் நல்ல நேரங்களை எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தையே நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். இன்றும் வரிசையை மீறி உள்ளே செல்லும் வண்டிகள் இல்லாமலில்லை. கூட்டுறவின் அடிப்படையே ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது. பங்குத் தொகை எவ்வளவாயினும் வாக்கு ஒன்றே. அந்த நீதி மகாசபைக் கூடத்தில் மட்டும் இருந்து கிடங்கு வாசலில் இல்லாமற்போனால் அது கூட்டுறவாகாது. ஆகவே முறைப் பதிவேடு ஒன்று எண்ணிட்ட பக்கங்களுடன் இருக்க வேண்டும். மறுநாளைய வரிசை முதல் நாள் மாலையே வாசல் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். மாற்றம் செய்தால் காரணமும், செய்தவர் கையொப்பமும் பதிவாக வேண்டும். எல்லோரும் காணும்படி எழுதப்பட்ட வரிசையை மீறுவது எளிதன்று.

சிறிய விவசாயியின் அச்சம் அடுத்தது. இருபது மூட்டையோடு 'குட்டியானை' வண்டியில் வருபவர், 250 மூட்டை லாரிக்குப் பின்னால் நிற்பது நியாயமா? அவருடைய வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறிய வண்டிகளுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் தனியே ஒதுக்கினால், பெரிய வண்டிக்கு நட்டம் சிறிது. சிறியவருக்கு லாபம் பெரிது. கைப்பேசி வழியே பதிவு செய்யத் தெரியாதவர், ஊர்க் கிளையின் எழுத்தரிடம் வாய்மொழியாகச் சொன்னால் அவர் பதிந்து தர வேண்டும். கருவி நமக்கு உதவட்டும். அது இல்லாதவரை அது விலக்கிவிட வேண்டாம்.

அறுவடை இயந்திரம் பழுதானாலோ, மழை பெய்தாலோ குறித்த நேரத்துக்கு எப்படி வருவது என்பார்கள். அதற்காகவே நிமிடக் கணக்கில் நேரம் குறிக்காமல் இரண்டு மணி நேர இடைவெளியாகக் குறிக்க வேண்டும். அதற்கும் பிந்தியவரைத் தண்டிக்க வேண்டாம். ஒதுக்கி வைத்த நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நேரத்தில் வந்தவரைப் பின்தள்ளி அவரை உள்ளே விடக் கூடாது.

சுமைப்பணித் தொழிலாளர்களையும் மறக்கலாகாது. மூட்டைக் கணக்கில் கூலி பெறும் அவர்கள், முறை வந்தால் வருவாய் குறையுமோ என்று அஞ்சுகிறார்கள். மூட்டைகள் குறையப்போவதில்லை, அவை நாள் முழுவதும் சீராகப் பரவப் போகின்றன. காலையில் மூச்சு வாங்க உழைத்து, பிற்பகலில் வேலையின்றி இருந்து, மீண்டும் இரவில் விளக்கொளியில் தடுமாறி மூட்டை சுமப்பதைவிட இது அவர்கள் உடம்புக்கு நல்லது. ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்க அனுமதிக்கும் உச்ச அளவு 55 கிலோவுக்கு மேல் இருந்தால், அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. அதை மனத்தில் கொண்டு மூட்டையின் எடையையும் நாம் கவனிக்க வேண்டும். ஓட்டுநர்களும் மனிதர்களே. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் அவர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று விதித்தது. நம் வாசலில் ஏழு மணி நேரம் காத்திருந்தவர் இரவில் கண் விழித்து ஓட்டிச் செல்வது யார் குற்றம்? ஒரு நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை ஆகிய மூன்றையும் அமைப்பதற்கு இரண்டாவது மேடைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே போதும்.

என் கோரிக்கை

ஆகவே மகாசபையில் நான் முன்மொழிய விரும்புவது இதுவே. இரண்டாவது மேடைத் தீர்மானத்தை நிராகரிக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒத்திவைப்போம். முதல் மாதத்தில், வரும் ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு நேரங்களை மட்டும் குறிப்போம்: வாசலுக்கு வந்தது, எடைமேடை ஏறியது, இறக்குமேடையில் நின்றது, வெளியேறியது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கடிகாரமும் இதற்குப் போதும். எந்த இடத்தில் நேரம் கரைகிறது என்பது அப்போது தெரியும். பிறகு, அந்தப் பருவம் முழுவதும் மேற்சொன்னபடி முறை வைத்துப் பார்ப்போம். பருவ முடிவில் கணக்கை இந்த இதழிலேயே அங்கத்தினர் அறிய வெளியிட வேண்டும். வண்டிகள் நேரத்துக்கு வந்தும் மேடை போதவில்லை என்று அந்தக் கணக்கு காட்டினால், மேடை கட்டும் தீர்மானத்துக்கு முதல் ஆளாக நானே கை தூக்குவேன்.

சேமநிதி என்பது நம் தந்தையர் காலத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த பொருள். அதைச் செலவிடத் தயங்க வேண்டாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் செலவிட வேண்டாம். தண்ணீருக்கு முறை வகுத்து வாழ்ந்த மக்கள் நாம். வண்டிக்கும் முறை வகுக்க நம்மால் முடியும். அதை நாமே வகுத்து, நாமே காத்து நடத்துவோமாக.